இணைப்பு போச்சுங்களா?

போன மாதம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். பாவம், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஓர் அலுவலகத்திலிருந்து போகும் மின்னஞ்சலில் அட்டாச்மென்ட்டை மட்டும் வழியில் ஏதோ ஒரு பாதுகாப்பு மென்பொருள் தடுத்துவிடுகிறதாம். இவர் ஃபைலின் பெயரை மாற்றி, அதன் கண்ணில் மண்ணைத் தூவி அனுப்பிவிட்டாராம். "போயிடுச்சு சார்" என்று ஒரே குதூகலம். அந்தப் பக்கம் திறந்து பார்த்தார்களா என்று கேட்டேன். "அது தெரியலீங்க சார், ஆனா போயிடுச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. அந்தத் திட்டு முழுவதும் எண்பதுகளின் கடைசியில் தருமபுரியில் எனக்கு விழுந்திருக்க வேண்டியது. அன்று யாரும் என்னைத் திட்டவில்லை. ஏன் திட்டவில்லை என்பதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டதால் அதையே எழுதுகிறேன். சர்வர், கேபிள் எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் பேசினால் நீங்கள் மேசைக்குக் கீழே செல்போன் பார்ப்பீர்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தருமபுரியில் ஒரு பெரிய அரசு அலுவலகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். அதன் மொட்டை மாடியில் குடையைக் கவிழ்த்த மாதிரி ஓர் ஆன்டெனா வைத்தார்கள். கீழே ஓர் அறையில் ஒரு கம்ப்யூட்டர். இங்கே தட்டச்சு செய்யும் செய்தி ஆகாயம் வழியாகச் சென்னையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குப் போகும், பதில் வரும். செய்தியோடு ஒரு ஃபைலையும் கட்டி அனுப்பலாம். நீங்கள் இன்று நொடிக்கு நொடி செய்கிற அதே வேலைதான், ஆமை வேகத்தில் நடந்தது.

அதற்கு முன்பு எல்லாம் பிளாப்பிதான். பியூன் அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் சேலம் போவார். ஒருமுறை தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து மூன்று மணி நேரம் வண்டி நகரவில்லை. அந்தப் புண்ணியவான் டிரைவர் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் மூடிமேல் பிளாப்பியைப் பத்திரமாக வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். சேலத்தில் எடுத்தபோது அது அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. அந்தக் காலத்தில் ஆகாயம் வழியாகச் செய்தி அனுப்பும் ஆளுக்கு எவ்வளவு கெத்து இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அலுவலகத்திலேயே ஏ.சி. இருந்த அறைகள் இரண்டுதான். ஒன்று பெரிய அதிகாரிக்கு, இன்னொன்று எனக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று நானே பலகை எழுதி மாட்டியிருந்தேன். தலைக்கனம் என்றால் அப்படி ஒரு தலைக்கனம்.

அதே அலுவலகத்தின் தபால் பிரிவில் சாபிரா மேடம் இருந்தார். வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. அப்பாவுக்குத் தருமபுரி கடைவீதியில் தையல் கடை. என் வயதுதான் அவருக்கும். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆனாலும் என்னை "கம்ப்யூட்டர் சார்" என்றுதான் கூப்பிடுவார். அதில் கொஞ்சம் கிண்டல் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது மரியாதை என்று நினைத்துப் பூரித்துப் போயிருந்தேன்.

அரசுக் கடிதங்களில் ஒரு பழக்கம் உண்டு. உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். 'அறிக்கை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதிய வரிக்கு நேராக, இடது ஓரத்தில், சிவப்பு மையால் ஒரு சாய்ந்த கோடு போடுவார்கள். ஓர் இணைப்புக்கு ஒரு கோடு. கடிதம் கைக்கு வந்ததும் முதலில் கோடுகளை எண்ண வேண்டும், பிறகு உள்ளே இருக்கும் இணைப்புகளை எண்ண வேண்டும். குறைந்தால் உடனே கேட்க வேண்டும். பாதிப் பேர் கடனே என்று ஒரு கோட்டைக் கிழித்துவிட்டுப் போவார்கள். சாபிரா மேடம் அப்படியில்லை. இணைப்பும் கிடைத்தது என்று அந்தப் பக்கத்திலிருந்து எழுத்தில் பதில் வரும்வரை அவருடைய பதிவேட்டில் அந்த வரி முடியாது. கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தால் ஏற்கமாட்டார். இது என்னங்க இவ்வளவு பிடிவாதம் என்று நாங்கள் டீ குடிக்கும்போது சிரித்துக்கொள்வோம்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

சித்தேரி மலையில் வெள்ளையன் என்று ஒரு விவசாயி. சாமையும் தினையும் போடுவார், பருவத்தில் காட்டுக்குள் போய் கடுக்காயும் தேனும் எடுத்துவருவார். அவருடைய மகள் மல்லிகா பிளஸ் டூ முடித்திருந்தாள். அவர்கள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு படித்ததில்லை. சென்னையில் நர்ஸ் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் அவளுடைய சாதிச் சான்றிதழ் உண்மையானதுதான் என்று எங்கள் அலுவலகம் விசாரித்து, அந்த அறிக்கை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சென்னைக்குப் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். ஒரு வாரமாக மழை. மலைப்பாதை அறுந்துகிடந்ததால் விசாரிக்கப் போனவர் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குத்தான் அறிக்கையோடு இறங்கி வந்தார். வெள்ளையனும் அவரோடேயே வந்துவிட்டார். இனிமேல் ஆள் அனுப்பினாலும் பஸ் சென்னை போய்ச் சேர இருட்டிவிடும். பெரிய அதிகாரி அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் அனுப்பிவிடுங்கள், அவர்களிடம் நான் பேசிவிட்டேன், ஏற்றுக்கொள்கிறார்கள், அசல் தபாலில் பின்னால் போகட்டும் என்றார்.

எனக்கு ஒரே பெருமை. நான்கு பக்க அறிக்கையைக் கட்டம் கட்டி அழகாக அடித்து ஃபைலாக்கினேன். 'அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது' என்று மூன்று வரியில் ஒரு செய்தி எழுதி, ஃபைலை அதோடு கட்டி அனுப்பினேன். பன்னிரண்டரை மணிக்குச் சென்னையிலிருந்து 'செய்தி கிடைத்தது' என்று பதில் வந்தது. கோட்டையைப் பிடித்த மாதிரி வெளியே வந்தேன். வெள்ளையன் வாசலில் நின்றிருந்தார்.

"போயிடுச்சுங்க. நீங்க ஊருக்குக் கிளம்பலாம்."

அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அரூர் பஸ் ஒன்றேகாலுக்கு, அதை விட்டால் மலையடிவாரத்துக்குப் போகும் வண்டியைப் பிடிக்க முடியாது என்று காலையிலேயே சொல்லியிருந்தார். பத்திரமாகப் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு நான் சாப்பிட உள்ளே போனேன்.

டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கதவு தட்டும் சத்தம். சாபிரா மேடம் வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றார். அலுவலக நகல் கையில் இருந்தது. ஓரத்தில் சிவப்புக் கோடு.

"சார், இணைப்பு போச்சுங்களா?"

போய்விட்டது, பதிலும் வந்துவிட்டது என்றேன். அந்தப் பதிலைப் பார்க்கலாமா என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

"இது தபால் இல்லீங்க மேடம். நடுவுல கழண்டு விழறதுக்கு இது என்ன குண்டூசி போட்ட காகிதமா?"

அவர் முகம் மாறவில்லை. "சரிங்க சார், தபால் இல்லதான். செய்தி கிடைச்சுதுன்னு எழுதியிருக்காங்களா, இணைப்பும் கிடைச்சுதுன்னு எழுதியிருக்காங்களா? அத மட்டும் பாத்துச் சொல்லிடுங்க, நான் போயிடறேன்" என்றார்.

தொல்லை தாங்காமல் எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். 'செய்தி கிடைத்தது' என்றுதான் இருந்தது. அதற்குமேல் ஓர் எழுத்து இல்லை. அவர் அங்கேயே நின்றார். வேண்டாவெறுப்பாக உட்கார்ந்து, இணைப்பு கிடைத்ததா என்று கேட்டு ஒரு வரி அனுப்பினேன். பதில் வர நேரம் பிடித்தது. வந்தபோது மணி ஒன்றே முக்கால். 'இணைப்பு எதுவும் இல்லை. சுற்றறிக்கைப்படி நிறுத்தப்பட்டது' என்று இருந்தது.

என்ன சுற்றறிக்கை? எனக்கு எதுவும் வரவில்லை என்று சத்தம் போட்டேன். சாபிரா மேடம் தன் பிரிவுக்குப் போய், கடிதங்களைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் நோட்டை எடுத்துவந்தார். பன்னிரண்டு நாளைக்கு முந்தைய தேதி. சீல் வைத்த உறை, கம்ப்யூட்டர் பிரிவுக்கு. எதிரே என் கையெழுத்து, கொம்பும் சுழியுமாக. உறை என் மேசையில், பிரிண்டர் ரிப்பன் டப்பாக்களுக்குக் கீழே, பிரிக்காமலேயே கிடந்தது. பிரித்தேன். அப்போது கம்ப்யூட்டர் வைரஸ் என்ற பேச்சு புதிதாகக் கிளம்பியிருந்த நேரம். மாவட்டங்களிலிருந்து செய்தியோடு கட்டி வரும் எந்த ஃபைலும் மறு உத்தரவு வரை நிறுத்தப்படும், அனுப்பியவருக்குத் தகவல் தரப்படாது, சொல்லவேண்டியதைச் செய்திக்குள்ளேயே எழுதவும் என்று போட்டிருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறேன், படிக்கவில்லை. நாலு வருஷம் படித்துவிட்டு வந்தவன், ஓர் உறையைப் பிரிக்கச் சோம்பல் பட்டிருக்கிறேன். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

வராந்தாவுக்கு வந்தேன். எதிரே வேப்பமரத்தடியில் வெள்ளையன் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். இருந்த எரிச்சலில் அவர்மேல் பாய்ந்தேன். என்னங்க, பஸ்ஸை விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். "இருக்கட்டுங்க" என்றார், அவ்வளவுதான். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே திரும்பிவிட்டேன்.

சென்னைக்குப் போன் போட்டேன். லைன் கிடைக்கவே கால் மணி நேரம். அந்தப் பக்கம் என்னைப் போலவே ஓர் இளைஞன். நல்லவன், உதவ நினைத்தான். ஃபைலுக்கு எங்கள் உள் உபயோகப் பெயர் ஒன்றை வைத்து அனுப்புங்கள், காவல் மென்பொருள் சந்தேகப்படாது, நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். ஐந்து நிமிட வேலை. எனக்கு உயிர் வந்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சாபிரா மேடத்திடம் சொன்னேன். அவர் இன்னும் வாசற்படிக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார்.

"வேணாங்க சார். அவங்களே நிறுத்தி வெச்சதை அவங்களுக்குத் தெரியாம உள்ள வுட்டா, நாளைக்கு யாராச்சும் அந்தப் புள்ள சீட்ட எதிர்த்துக் கேட்டா அந்தக் காகிதம் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. நாம என்னங்க சொல்றது?"

அவனிடம் வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தேன். பட்டியலில் அடுத்து இருக்கிறவருக்கும் அப்பா அம்மா இருப்பார்கள், கேள்வி கேட்பார்கள். அந்தப் பதற்றத்தில் ஐந்து மணிதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு ஐந்து மணிக்குப் பிறகு வரப்போவதும் தெரிந்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அவரை நான் கும்பிடுவேன். பெயர் மாற்றி அனுப்பும் சாமர்த்தியசாலிகளே, நீங்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

சரி, செய்திக்குள்ளேயே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். ஃபைலிலிருந்து எடுத்துச் செய்தியில் ஒட்டுவது இன்று உங்களுக்கு இரண்டு விசை. அந்த மென்பொருளில் அந்த வசதியே கிடையாது. திரும்ப அடித்தே ஆகவேண்டும். ஒரு செய்தி ஒரு திரைக்கு மேல் போகவும் கூடாது. அறிக்கை ஏழு துண்டாக வந்தது. உள்ளே வாருங்கள் மேடம், நீங்கள் படியுங்கள், நான் அடிக்கிறேன் என்றேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு துண்டின் தலையிலும் 'மொத்தம் ஏழில் இது ஒன்று', 'ஏழில் இது இரண்டு' என்று எழுதச் சொன்னார். கடைசியில் இத்தனை வரி என்று ஓர் எண்ணிக்கை. எத்தனையாவது துண்டு கிடைத்தது என்று எண்ணைச் சொல்லித்தான் பதில் தரவேண்டும் என்று முதல் செய்தியிலேயே கேட்டுக்கொள்ளச் சொன்னார். அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒவ்வொரு துண்டு போனதும் நகலின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டார். அவசரத்தில் நான் ஒரு சர்வே எண்ணை மாற்றி அடித்தபோது, விரலைத் திரையருகே கொண்டுவந்து காட்டினார். அடேயப்பா, அந்த நிதானம்! எனக்கு ஏ.சி.யிலும் வியர்த்தது.

மூன்றரை மணிக்கு ஏழும் போய்விட்டன. பதில் வந்தது: ஆறு துண்டுகள்தான் கிடைத்தன. ஏழையும் முதலிலிருந்து அனுப்பிவிடுவோம் என்று விசைப்பலகைமேல் கையை வைத்துவிட்டேன்.

"எது வரலைன்னு எழுதியிருக்காங்க, பாருங்க சார்" என்றார்.

ஐந்து வரவில்லை என்று அதிலேயே இருந்தது. நான் அந்த வரிவரை படிக்கவே இல்லை. ஒரே நாளில் இரண்டாவது முறை! ஏழையும் மறுபடி அடித்திருந்தால் நேரம் தீர்ந்திருக்கும். ஐந்தாவதை மட்டும் அனுப்பினோம். நான்கு மணிக்கு, ஏழும் கிடைத்தன என்று பதில் வந்தது. நான் நாற்காலியில் சாய்ந்தேன். சாய்ந்து முதுகு படுவதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது.

பள்ளிச் சான்றிதழில் ஓர் ஊர்ப் பெயர், விசாரணை அறிக்கையில் வேறு ஊர்ப் பெயர் இருக்கிறது. இரண்டும் ஒரே பெண்தானா? பெற்றோரின் வாக்குமூலம் அதிகாரி சான்றோடு இன்றே வேண்டும், இல்லாவிட்டால் இடம் தர இயலாது.

வேறு நாளாக இருந்தால் நான் அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பேன். பெற்றோர் மலைமேல் இருந்தால் யாரைப் பிடித்து வாக்குமூலம் வாங்குவது? அப்போதுதான் வேப்பமரம் ஞாபகம் வந்தது. வெறுங்காலோடு வெளியே ஓடினேன். மனிதர் அதே இடத்தில் இருந்தார். கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தபால் பிரிவுக்குக் கூட்டிவந்தேன். சாபிரா மேடம் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, பதறாமல் கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல ஊர் பேரு வேற மாதிரி இருக்குதுங்களே ஐயா, எப்படிங்க?"

"எங்க வூடு மேலூர்லீங்க. பள்ளிக்கூடம் கீழூர்ல. சேக்கறப்ப வாத்தியாரு பள்ளிக்கூடத்து ஊரையே எழுதிக்கிட்டாருங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஓடைதானுங்க" என்றார் வெள்ளையன்.

அவர் சொன்னபடியே சாபிரா மேடம் எழுதினார். எழுதியதைத் திரும்ப அவருக்கு வாசித்துக் காட்டினார். வெள்ளையன் தலையாட்டிய பிறகுதான் மைப்பெட்டியை நகர்த்தினார். கட்டைவிரல் ரேகை விழுந்தது. விசாரித்தவர் அது உண்மைதான் என்று எழுதினார். பெரிய அதிகாரி சான்றொப்பமிட்டார். எட்டாவது துண்டாக அது போனபோது மணி நாலு முப்பத்தெட்டு. நான் கடிகாரத்தைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாபிரா மேடமும் பக்கத்தில் நின்றார். அவர் உதடு மட்டும் அசைந்தது, துவா கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நாலு ஐம்பதுக்குப் பதில் வந்தது. எட்டுத் துண்டுகளும் கிடைத்தன, இணைப்புகள் முழுமை, சேர்க்கை உறுதி செய்யப்பட்டது என்று இருந்தது. அவர் பதிவேட்டை எடுத்து அந்த வரியை முடித்தார்.

மல்லிகா சேர்ந்தாள், படித்தாள், பிறகு நம் மாவட்டத்திலேயே ஓர் அரசு மருத்துவமனையில் பல வருடம் நர்ஸாக இருந்தாள். மறுவாரம் நடந்த கூட்டத்தில் பெரிய அதிகாரி என்னை எழுப்பி நிறுத்திப் பாராட்டினார். கம்ப்யூட்டரின் பெருமையைப் பார்த்தீர்களா என்றார். நான் எழுந்து, இது தபால் பிரிவின் வேலை என்று சொன்னேன். தன்னடக்கம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குமேல் எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உங்களுக்குச் சொல்ல வந்தது அதுவும் இல்லை. அன்று ஐந்து மணிக்கு வாசற்படியில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வெள்ளையன் கிளம்பத் தயாராகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். மத்தியானம் போயிடுச்சு என்று சொன்னது தப்பு, அப்போது ஒன்றும் போகவில்லை, நான் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன், என் பேச்சை நம்பி நீங்கள் பஸ் ஏறியிருந்தால் உங்கள் மகளின் இடம் போயிருக்கும் என்றேன். பிறகு கேட்டேன்.

"ஏங்க, நான்தான் கிளம்பச் சொன்னேனே, நீங்க ஏன் போகல?"

"அந்தம்மாதாங்க இருக்கச் சொன்னாங்க. நீங்க சொல்லிட்டு உள்ள போனீங்களே, அப்பவேங்க. 'அவரு போயிடுச்சுன்னுட்டாரே'ன்னு கேட்டேனுங்க. 'அவசரத்துல சொல்லிட்டாருங்க. ஆனா வேலையில கெட்டிக்காரரு, தப்புன்னு தெரிஞ்சா வுட மாட்டாரு. அவரே மறுபடியும் பாத்து சரி பண்ணிப்புடுவாரு, நம்பி உக்காருங்க'ன்னாங்க. அதாங்க உக்காந்துட்டேன்."

நான் கதவருகே சாபிரா மேடத்தைப் பார்த்துச் சிரித்ததற்குப் பத்து நிமிடம் முன்னால் அவர் இதைச் சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெள்ளையன் தன் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.